நூர்ஜஹான் பெயரில் அடித்த வெள்ளிக் காசு என்று லோரோங் கூலிட்டில் ஒருவர் தருகிறார், நம்பலாமா?

ஜெலுத்தோங் ரவி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கில் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தை தெரிந்திருக்கும். அங்கே காசு, தபால்தலை, பழைய கைக்கடிகாரம் எல்லாம் பரப்பி வைத்திருக்கும் ஒருவர் போன ஞாயிறு ஒரு வெள்ளிக் காசை எடுத்துக் காட்டினார். ஒரு பக்கம் காளைமாடு, அதன் பின்னால் சூரியன் கதிர் விரித்த மாதிரி. மறுபக்கம் முழுக்க அரபி மாதிரி எழுத்து. ஜஹாங்கீர் சக்கரவர்த்தி தன் மனைவி நூர்ஜஹானை ஒரே ஒரு நாள் அரியணையில் உட்கார வைத்தாராம், அந்த ஒரு நாளில் அந்த அம்மா தன் பெயரில் பன்னிரண்டு ராசிக்கும் காசு அடித்துத் தள்ளிவிட்டாராம், அதில் இது ரிஷபமாம். 1,200 ரிங்கிட் கேட்கிறார், வேண்டுமானால் கொஞ்சம் குறைப்பாராம்.

கூட வந்த என் மாமனார் கதையைக் கேட்டதுமே விழுந்துவிட்டார். அவரும் ரிஷப ராசி, கேட்க வேண்டுமா! நான்தான் ஒரு வாரம் பொறுங்கள் மாமா என்று இழுத்து வந்திருக்கிறேன். எனக்குக் காசு பற்றி எதுவும் தெரியாது. இது உண்மையாக இருக்க வாய்ப்பு உண்டா, எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது?

இன்னொன்று. எங்கள் அப்பாயி நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் வந்தபோது கழுத்தில் போட்டு வந்த ராணி காசு ஒன்று வீட்டில் இருக்கிறது. மேலே வளையம் வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். கிரீடம் வைத்த விக்டோரியா தலை, 1862 என்று போட்டிருக்கிறது. அதற்கு ஏதாவது மதிப்பு உண்டா? விற்கிற எண்ணம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான்.

காசுப்பித்தன் (கோலாலம்பூர்) எழுதியது:

ரவி, மாமனாரை ஒரு வாரம் நிறுத்தி வைத்தீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும்.

அந்த ஒரு நாள் ராணி கதை கடைக்காரர் கட்டியது இல்லை, பழைய கதைதான். தவெர்னியே என்ற பிரெஞ்சு நகை வியாபாரி எழுதி வைத்தது. அவர் இந்தியாவுக்கு வந்ததே ஜஹாங்கீர் இறந்து பத்து வருஷத்துக்கும் மேலான பிறகு, அதனால் கடைத்தெருவில் நாலு பேர் சொன்னதைக் கேட்டு எழுதியிருப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜஹாங்கீரே தன் நினைவுக்குறிப்பில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். இதுவரை காசின் ஒரு பக்கம் என் பெயரும் மறுபக்கம் ஊர், மாதம், ஆட்சியாண்டும் இருந்தன, மாதத்தின் பெயருக்குப் பதிலாக அந்த மாதத்து ராசியின் உருவத்தைப் போடலாமே என்று எனக்குத் தோன்றியது என்கிறார். யோசனை அவருடையது. நூர்ஜஹான் பேச்சே அதில் இல்லை.

வருஷத்தையும் பாருங்கள். ராசிக் காசு தொடங்கியது 1618இல். நூர்ஜஹான் பெயர் காசில் ஏறியது 1624 வாக்கில். நடுவில் ஆறு வருஷ இடைவெளி இருக்கும்போது ஒரே நாளில் இரண்டும் எப்படி நடக்கும்? ராசிக் காசுகள் தங்கத்தில் பெரும்பாலும் ஆக்ராவில் அடித்தவை. வெள்ளியில் என்றால் அகமதாபாத், ஹிஜ்ரி (இஸ்லாமிய ஆண்டுக் கணக்கு) 1027, ஆட்சியின் 13ஆம் ஆண்டு. அந்த வருஷம் ஜஹாங்கீர் குஜராத்தில்தான் முகாம் போட்டிருந்தார், அதனால் அங்கே அடித்தது பொருந்துகிறது. அந்த அகமதாபாத் வெள்ளிக் காசின் எழுத்துப் பக்கத்தில் ஜஹாங்கீர் பெயரும் அவர் அப்பா அக்பர் பெயரும்தான் இருக்கும். காளைமாடு போட்ட வெள்ளிக் காசைக் காட்டி இதில் நூர்ஜஹான் பெயர் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அவர் அந்த எழுத்தைப் படித்ததில்லை என்று அர்த்தம்.

உண்மையான நூர்ஜஹான் ரூபாயில் படமே கிடையாது, இரண்டு பக்கமும் பாரசீக எழுத்துதான். பார்க்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும், தெரியாதவர்கள் கையில் எடுத்துவிட்டுக் கீழே வைத்துவிடுவார்கள். அதில் ஒரு ஈரடிப் பாட்டு ஓடும்: "ப ஹுக்மே ஷா ஜஹாங்கீர் யாஃப்த் சத் ஸேவர், ப நாமே நூர்ஜஹான் பாத்ஷா பேகம் ஸர்." ஷா ஜஹாங்கீரின் ஆணையால், பாத்ஷா பேகம் நூர்ஜஹானின் பெயரைத் தாங்கிப் பொன் நூறு அழகு பெற்றது என்று சொல்லலாம். வெள்ளிக் காசிலும் இதே பொன் பாட்டுதான். ஆணை அவருடையது, பெயர் இவருடையது. ஜஹாங்கீரை ஒதுக்கிவிட்டுத் தனியாக அடித்த காசு இல்லை, இரண்டு பேரும் ஒரே பாட்டில் இருக்கிறார்கள். ஆனால் முகலாய வம்சத்தில் மனைவி ஒருவரின் பெயர் காசில் ஏறியது இந்த ஒருவருக்குத்தான் என்பதால் சேகரிப்பவர்கள் இதற்காக அலைகிறார்கள்.

மரகதம் (ஈப்போ ரோடு) எழுதியது:

பித்தன் அண்ணே, கதையைக் கெடுக்காமல் உங்களுக்குத் தூக்கம் வராதா? ஒரு நாள் ராணி எவ்வளவு நன்றாக இருந்தது!

சரி, நானும் என் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கிறேன். நூர்ஜஹான் காசு ஏன் குறைவு என்றால், அது அடித்த காலமே நாலைந்து வருஷம்தான், ஹிஜ்ரி 1033 முதல் 1037 வரை. 1627இல் ஜஹாங்கீர் போனதும் வாரிசுச் சண்டை. நூர்ஜஹான் தன் மருமகன் ஷஹ்ரியாருக்காக நின்றார், ஜெயித்தது ஷாஜஹான். அம்மையார் வருஷத்துக்கு இரண்டு லட்ச ரூபாய் மானியத்தோடு லாகூருக்கு ஒதுங்கி, 1645இல் அங்கேயே இறந்தார். அவர் பெயர் போட்ட காசுகளை ஷாஜஹான் திரும்பப் பெற்று உருக்கச் சொன்னார் என்று வழிவழியாகச் சொல்வார்கள். ஆட்சி மாறினால் பழைய காசு உருக்குப் பானைக்குப் போவது எப்போதும் உள்ளதுதான், இதில் கொஞ்சம் கோபமும் சேர்ந்திருக்கலாம்.

ஆக்ரா, லாகூர், பாட்னா, அகமதாபாத், சூரத், காஷ்மீர் என்று பல ஊர்களில் அடித்திருக்கிறார்கள். இப்போது சந்தையில் ஓரளவு கண்ணில் படுவது சூரத்தில் அடித்தது. துறைமுக ஊர், கப்பல் வியாபாரத்தில் வெள்ளி வந்து குவிந்த இடம். அங்கே அதிகம் அடித்திருந்தால் அதிகம் தப்பியிருப்பதில் ஆச்சரியம் இல்லை.

வருஷத்தைப் படிக்கப் பாரசீகம் தெரிய வேண்டியதில்லை ரவி. ஒன்று என்பது ஒரு நேர்க்கோடு, சுழியம் வெறும் புள்ளி. அதனால் 10இல் தொடங்கும் எந்த ஹிஜ்ரி ஆண்டும் ஒரு கோடு, ஒரு புள்ளி என்று தொடங்கும். அதை அடுத்து வரும் இரண்டு எழுத்தைப் படம் எடுத்துப் போட்டால் நாங்கள் யாராவது சொல்லிவிடுவோம். ஜாவி (அரபி எழுத்தில் எழுதும் மலாய்) படித்தவர்கள் வீட்டருகே இருந்தால் அவர்களிடம் காட்டினாலும் எண்களைப் படித்துவிடுவார்கள், அதே எண்கள்தான் கொஞ்சம் வளைவு நெளிவோடு இருக்கும்.

ஜெலுத்தோங் ரவி எழுதியது:

அக்கா, அண்ணே, ரொம்ப நன்றி. மாமனாரிடம் படித்துக் காட்டினேன். "இருந்தாலும் அந்தக் காசு பழசாகத்தானே இருக்கிறது, ராணி பெயர் இல்லாவிட்டால் என்ன, ஜஹாங்கீர் காசாக இருந்துவிட்டுப் போகட்டும்" என்கிறார். அவரை என்ன செய்வது? கறுத்துப்போய், தேய்ந்து, பார்க்க உண்மையிலேயே பழசாகத்தான் இருக்கிறது. அதனால் கேட்கிறேன், ஜஹாங்கீர் காலத்து உண்மைக் காசா என்பதை எப்படிச் சோதிப்பது?

பழைய தராசு (பட்டர்வொர்த்) எழுதியது:

கறுப்பை நம்பாதீர்கள் தம்பி. வெள்ளியைக் கறுக்க வைப்பது பெரிய வித்தை இல்லை, கந்தகம் கலந்த எதிலாவது ஒரு ராத்திரி போட்டால் முந்நூறு வயது ஏறிவிடும். அதேபோலத் தேய்மானமும். உண்மையில் புழங்கித் தேய்ந்த காசில் மேடான இடம் தேய்ந்து பள்ளமான இடம் கூர்மையாக நிற்கும். அச்சு வார்ப்பில் ஊற்றிய நகலில் மேடு பள்ளம் எல்லாமே ஒரே மாதிரி மழுங்கி, சோப்புக்கட்டி மாதிரி இருக்கும்.

முதலில் எடை. கிராமில் இரண்டு தசம இடம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இணையக் கடையில் மலிவு. ஜஹாங்கீர் பட்டத்துக்கு வந்த முதல் சில ஆண்டுகள் ரூபாயைக் கனமாக்கிப் பார்த்தார், முதலில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, பிறகு கால் பங்கு கூட்டி. அது நிற்கவில்லை, 1611 வாக்கில் பழைய எடைக்கே திரும்பிவிட்டார். அதனால் 1618இல் அடித்த ரூபாய் சுமார் 11.4 கிராம் இருக்க வேண்டும். தேய்ந்திருந்தால் 11.2, 11.1 வரை இறங்கலாம். பத்துக்குக் கீழே போனால் கடைக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது விளிம்பு. முகலாயர் காலத்தில் வெள்ளித் துண்டை இரண்டு அச்சுக்கு நடுவில் வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடிப்பார்கள். அடி விழும்போது உலோகம் வெளிப்பக்கம் தள்ளும், விளிம்பில் சின்னச் சின்ன வெடிப்பு வரும். வார்த்த நகலில் இரண்டு பாதி அச்சு சேரும் இடத்தில் சுற்றிலும் ஒரு கோடு ஓடும், அதை அரத்தால் ராவியிருப்பார்கள். ராவிய தடம் பூதக்கண்ணாடியில் தெரியும். பரப்பில் ஊசிமுனை அளவு குழிகள் இருந்தால் அது காற்றுக் குமிழி, அடித்த காசில் அது வராது.

சாதாரண முகலாய ரூபாயில் அச்சு பெரியது, காசு சிறியது, அதனால் எழுத்து பாதி வெளியே போய்விடும். முழுப் பாட்டும் ஒரு எழுத்துவிடாமல் வட்டத்துக்குள் அடங்கியிருந்தால் சந்தேகப்படுங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் ராசிக் காசுக்கு அந்த விதியை அப்படியே போடக்கூடாது, அவற்றைக் கவனமாகவே அடித்திருக்கிறார்கள், படம் நடுவில் அழகாக உட்கார்ந்திருக்கும். ஆகவே அதை வைத்து ஒதுக்காதீர்கள், எடையும் விளிம்பும்தான் பேசும். காசின் முகத்தில் சின்னக் குத்து அடையாளம் இருந்தாலும் பயப்பட வேண்டாம். அந்தக் காலச் சராப்பு, அதாவது காசு மாற்றித் தருபவர், வெள்ளியைச் சோதிக்கப் போட்ட குத்து அது. நம் ஊரில் புழங்கிய மெக்சிகோ டாலரில் சீன வியாபாரிகள் முத்திரை குத்தியது மாதிரிதான்.

வீட்டில் செய்யக்கூடிய இன்னொரு சோதனை. குவளையில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து எண்ணைச் சுழியாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, தண்ணீரில் முழுக மூழ்கும்படி, ஆனால் அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிடுங்கள். தராசு ஒரு எண் காட்டும். காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். நல்ல வெள்ளி என்றால் 10.3, 10.4 பக்கம். 11.4 கிராம் காசுக்குத் தண்ணீரில் 1.1 வரும். வெள்ளி முலாம் பூசிய பித்தளையாக இருந்தால் 8.5 பக்கம் நிற்கும். காந்தத்தை வைத்துப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை, பித்தளையும் ஒட்டாது வெள்ளியும் ஒட்டாது. இரும்பாக இருந்தால் மட்டும் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். தெரிந்த நகைக்கடை அல்லது அடகுக் கடையில் உலோகத்தைச் சோதிக்கும் எக்ஸ்-கதிர்க் கருவி இருந்தால் அரை நிமிஷத்தில் வெள்ளி எத்தனை சதவீதம் என்று சொல்லிவிடுவார்கள்.

முக்கியமாக, காசைத் தேய்த்துக் கழுவாதீர்கள். அப்பாயி காசையும்தான். புளி, எலுமிச்சை, பற்பசை எதுவும் வேண்டாம்.

காசுப்பித்தன் எழுதியது:

தராசு அண்ணன் சொன்னதற்கு மேல் ஒன்றே ஒன்று. உண்மையான ராசி ரூபாய் பெரிய ஏலங்களில் விற்கிற விலையில் 1,200 ரிங்கிட் ஒரு சின்னப் பங்குகூட இருக்காது. அதை வைத்திருப்பவர் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பாய் விரித்து உட்காரமாட்டார். யாராவது என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற தரச்சான்றுப் பெட்டிக்குள் வைத்து விற்றாலும், பெட்டியில் உள்ள எண்ணை அவர்களுடைய தளத்தில் போட்டுப் படத்தை ஒப்பிட்டுப் பாருங்கள், இப்போது பெட்டியையே போலியாகச் செய்கிறார்கள்.

இந்தியாவிலிருந்து போன மாதம்தான் கொண்டு வந்தேன் என்று யாராவது சொன்னால் அதுவும் வேறு தலைவலி. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய காசுகளைத் தனியார் அந்த நாட்டிலிருந்து வெளியே கொண்டுபோக முடியாது. போலி என்றால் பணம் போச்சு, உண்மை என்றால் வில்லங்கம்.

மரகதம் எழுதியது:

ராணி பெயர்க் காசு என்று பேச்சு வந்ததால் கேட்கிறேன், எல்லாரும் ஏன் நூர்ஜஹானோடு நின்றுவிடுகிறீர்கள்? அவருக்கு நானூறு வருஷம் முன்னாலேயே டெல்லியில் ரஸியா இருந்தார். இல்துமிஷின் மகள், 1236 முதல் 1240 வரை அரியணையில் தானே உட்கார்ந்தவர், யாருடைய மனைவி என்பதாலும் இல்லை. வங்காளத்து லக்னௌதியில் அடித்த அவருடைய டங்கா என்ற வெள்ளிக் காசுகள் இருக்கின்றன, அதில் சுல்தான் என்ற பட்டமும், இல்துமிஷின் மகள் என்ற அடையாளமும் சேர்ந்து வரும். நூர்ஜஹான் ரூபாயைவிட அவை இன்னும் அரிது.

எனக்கு ரொம்பப் பிடித்தது அசாம் பக்கத்துக் கதை. அஹோம் அரசர் சிவ சிங்கனிடம், உங்களுக்குச் சத்ரபங்க யோகம் இருக்கிறது, குடை சாயப் போகிறது, ஆட்சி பறிபோகும் என்று ஜோசியர்கள் சொல்லிவிட்டார்கள். அந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா, 1720களில் தன் ராணி புலேஸ்வரியைப் பெரிய ராஜா என்று அறிவித்து அரச அதிகாரத்தை அவர் கையில் கொடுத்துவிட்டார். கோவிலில் நடனமாடிய பெண் அவர். பிரமதேஸ்வரி என்று பெயர் மாற்றிக்கொண்டு தன் பெயரிலேயே காசு அடித்தார். அவர் இறந்ததும் அம்பிகா, அப்புறம் சர்வேஸ்வரி என்று அடுத்தடுத்து ராணிகள் அதே இடத்துக்கு வந்தார்கள், காசிலும் பெயர் ஏறியது. அஹோம் காசுகள் எட்டு மூலை உள்ளவை, வெள்ளி, ரூபாய் எடைதான், பார்த்த உடனே அடையாளம் தெரிந்துவிடும். ஜோசியர் வாக்கைத் தப்பிக்கக் கண்டுபிடித்த வழி, பெண்களின் பெயரை வெள்ளியில் பொறித்து வைத்துவிட்டது. உங்கள் மாமனாரின் ரிஷப ராசியால் இப்படி ஏதாவது நல்லது நடந்தால் சொல்லுங்கள்.

நம் பக்கத்தில் தேடினால் இலங்கை. பொலன்னறுவையில் லீலாவதி 1197க்கும் 1212க்கும் நடுவில் மூன்று தடவை அரியணை ஏறியவர், ஒவ்வொரு தடவையும் யாராவது இறக்கிவிட்டார்கள். "ஸ்ரீ ராஜ லீலாவதி" என்று நாகரி எழுத்தில் போட்ட காசு இன்றும் கிடைக்கும். ஆனால் செப்பு, வெள்ளி இல்லை. விலையும் நம்மைப் போன்றவர்கள் வாங்கும் அளவில் இருக்கும். அதேபோல் பினாங்கிலிருந்து கடலைத் தாண்டினால் ஆச்சே, அங்கே 1641 முதல் 1699 வரை வரிசையாக நான்கு பெண் சுல்தான்கள். முதலாமவர் தாஜுல் ஆலம் ஸஃபியாத்துத்தீன். அவர் பெயரில் மாஸ் என்ற குட்டித் தங்கக் காசு உண்டு, ஒரு கிராம்கூட வராது, விரல் நகத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு ராணி பெயரை வைத்துத் தொடங்க வேண்டும் என்று இங்கே யாருக்காவது ஆசை இருந்தால் நான் லீலாவதியைத்தான் சொல்வேன்.

பெயர் போடாத ராணியும் உண்டு. மகேஸ்வரத்தில் முப்பது வருஷம் ஆண்ட அகல்யாபாய் தன் பெயரைக் காசில் போடவில்லை, முகலாயர் பெயரே ஓடியது, கூடவே லிங்கமும் வில்வ இலையும் மட்டும் வைத்தார்.

லெபோ அம்பாங் எழுதியது:

அப்பாயி காசை எல்லாரும் மறந்துவிட்டீர்களே. அதுவும் ராணி பெயரில் அடித்த வெள்ளிக் காசுதானே, நான் சொல்கிறேன்.

ரவி, இந்திய ரூபாயில் விக்டோரியா மூன்று வேஷத்தில் வருவார். 1840 ரூபாயில் கிரீடம் இல்லாத இளம் தலை, பின்பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி பெயர் இருக்கும். கம்பெனியிடமிருந்து ஆட்சி 1858இல் நேராக அரசியிடம் போனதும், 1862இலிருந்து கிரீடம் வைத்த மார்பளவு உருவம், பின்பக்கம் இந்தியா என்று மட்டும். 1877 முதல் அரசி என்பது பேரரசி என்று மாறிவிடும், முந்தின வருஷம் லண்டனில் அதற்குச் சட்டம் போட்டார்கள். எடை 11.66 கிராம், பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. அதாவது ஒரு காசில் சுமார் 10.7 கிராம் சுத்த வெள்ளி. வளையத்தோடு எடை போட்டால் இதைவிடக் கூடும், குழம்ப வேண்டாம்.

உங்கள் காசில் 1862 என்று இருப்பதால் அது அந்த வருஷம்தான் அடித்தது என்று சொல்ல முடியாது. 1862 என்ற ஆண்டை மாற்றாமல் அடுத்த பத்து வருஷத்துக்கும் மேலாக அதே தேதியோடு அடித்துக்கொண்டே இருந்தார்கள். பம்பாய்த் தங்கசாலையில் பூவேலைக்குள்ளே நுண்ணிய புள்ளிகள் வைத்து எந்த வருஷம் என்று குறித்திருக்கிறார்கள். பூதக்கண்ணாடி வைத்து ஆண்டுக்குக் கீழேயும் எழுத்துக்கு மேலேயும் புள்ளி இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். சில புள்ளி எண்ணிக்கை நன்றாகவே அரிது. ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், வளையம் பற்றவைத்த காசுக்குச் சேகரிப்பாளர் விலை கிடைக்காது, வெள்ளி விலைதான். அதற்காக வளையத்தை அறுக்கப் போய்விடாதீர்கள், பற்றவைத்த தடம் போகாது, இருப்பதும் கெட்டுப்போகும். அந்த வளையம்தான் அது அப்பாயி கழுத்தில் தொங்கியதற்கு அடையாளம்.

பினாங்கில் இருப்பதால் இதையும் சொல்கிறேன். விக்டோரியா பெயரில் நம் ஊருக்கென்றே அடித்த வெள்ளிக் காசு இருக்கிறது, அதைத் தேடுங்கள், மாமனாருக்கும் நல்ல பொழுதுபோக்கு. நீரிணைக் குடியேற்றங்கள் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) 1867இல் இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிந்தன, 1871இல் 5, 10, 20 காசு (சென்ட்) நாணயங்கள் வெள்ளியில் வந்தன, 50 காசு 1886இல். நூற்றுக்கு எண்பது வெள்ளி. 20 காசு 5.43 கிராம், 50 காசு 13.58 கிராம். விக்டோரியா பெயரில் நம் நீரிணை டாலர் கிடையாது. அவர் இருந்தவரை இங்கே ஓடியது மெக்சிகோ டாலர், ஹாங்காங் டாலர், 1895இலிருந்து பிரிட்டிஷ் வர்த்தக டாலர் இப்படித்தான். நீரிணை டாலர் 1903இல் வந்தபோது தலை எட்வர்டுக்கு மாறிவிட்டது. ஆகவே யாராவது விக்டோரியா தலை போட்ட நீரிணை டாலர் என்று நீட்டினால் சிரித்துவிட்டு வந்துவிடலாம். தேய்ந்த 10 காசு, 20 காசு சின்னத் தொகைக்கே கிடைக்கும். முதல் வருஷமான 1871 நல்ல நிலையில் கிடைப்பது கஷ்டம், அதனால் அந்தத் தேதியைத் திருத்திச் செதுக்குகிறவர்களும் உண்டு, எண்ணை மட்டும் தனியாக உருப்பெருக்கிப் பாருங்கள்.

கோலாலம்பூர் பக்கம் வந்தால் சசானா கிஜாங்கில் உள்ள, மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் அருங்காட்சியகத்தில் காசுக் கூடம் இருக்கிறது. உண்மையான காசுகளை நாலு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் போலி தானாக உறுத்த ஆரம்பிக்கும்.

ஜெலுத்தோங் ரவி எழுதியது:

இந்த ஞாயிறு தராசோடு போய்விட்டு வந்தேன், மாமனாரும் கூடவே. கடைக்காரர் நல்ல மனுஷர், எடை போட விட்டார். 9.62 கிராம். விளிம்பில் சுற்றிலும் ராவிய கோடு, தராசு அண்ணன் சொன்ன மாதிரியே. ஊசிக் குழியும் காளையின் வயிற்றில் தெரிகிறது. அண்ணே, இது வார்த்த காசு மாதிரி இருக்கிறதே என்றேன். அவர் சண்டை போடவில்லை, எனக்கும் ஒருவர் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார் என்று சொல்லிவிட்டு விலையை 150க்கு இறக்கினார். நான் கிளம்பலாம் என்று திரும்பினால், பின்னால் மாமனார் 70 ரிங்கிட் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்! "காளை நன்றாக இருக்கிறது, எழுபதுக்கு என்ன போகிறது" என்கிறார். என்ன சொல்ல?

வீட்டில் தண்ணீர்ச் சோதனையும் செய்தோம், 1.13 காட்டியது. 8.5 வருகிறது, பித்தளைதான்.

அப்பாயி காசில் ஆண்டுக்குக் கீழே புள்ளிகள் இருக்கின்றன, தேய்ந்திருப்பதால் இரண்டா மூன்றா என்று நிச்சயமாகத் தெரியவில்லை. படம் எடுத்துப் போடுகிறேன்.

பழைய தராசு எழுதியது:

எழுபது ரிங்கிட்டுக்கு மாமனாருக்கு ஒரு காளை, நமக்கு ஒரு திரி. பரவாயில்லை.

ஒன்று மட்டும் செய்யுங்கள் தம்பி. அந்தக் காசைப் போடும் பொட்டலத்துக்குள் "நகல், பித்தளை, 9.62 கிராம்" என்று ஒரு சீட்டு எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் இன்னும் முப்பது வருஷம் கழித்து உங்கள் வீட்டுப் பிள்ளை யாராவது தாத்தா வைத்திருந்த நூர்ஜஹான் காசு என்று இங்கே படம் போடுவார்கள். அப்பாயி காசின் படத்தைப் பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி எடுங்கள், நேர் வெளிச்சத்தில் புள்ளி மறைந்துவிடும்.

லெபோ அம்பாங் எழுதியது:

ஆமாம், பக்கவாட்டு வெளிச்சம். அதோடு ஈரமான துணிகூட வைக்காமல் அப்படியே எடுங்கள். புள்ளி மேலே எத்தனை, கீழே எத்தனை என்று தனித்தனியாகத் தெரிய வேண்டும், எழுத்துக்கு மேலே உள்ள புள்ளியைத்தான் பலபேர் விட்டுவிடுகிறார்கள்.